கீழ் வலது மூலை

தம்பி பொண்டாட்டிக்குத் தன் ஆபீஸிலேயே வேலை வாங்கிக் கொடுத்த நாத்தனாரைப் பற்றி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மாட்டீர்கள். நாத்தனார் என்றாலே குறை கண்டுபிடிக்கப் பிறந்தவள் என்றுதான் ஊர் உலகத்தில் பேச்சு. இந்த நாத்தனாரும் அதில் யாருக்கும் சளைத்தவளில்லை. குறை சொல்ல ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வசதி என்று நினைத்தாளோ என்னவோ! பதினேழு வருஷத்துக்கு முன்னால், தான் வேலை பார்க்கும் விதைப் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த தம்பி பொண்டாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள்.

நம் கதை அந்தத் தம்பி பொண்டாட்டியைப் பற்றியது. ஆபீஸில் அவளுக்குப் பதிவேடு என்றே பெயர் விழுந்துவிட்டது. "பதிவேடு வந்தாச்சா?" என்றால் நோட்டுப் புத்தகத்தைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நாத்தனாருக்கும் ஒரு பெயர் உண்டு. எதிர்க்கட்சி. ஆனால் அதை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் டைரக்டருக்கே கிடையாது.

விதை முளைக்குமா முளைக்காதா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்தக் கூடத்தின் வேலை. ஈரக் காகிதம் விரித்த தட்டில் நூறு விதைகளை வரிசைக்குப் பத்தாக அடுக்கி வைப்பார்கள். ஏழாம் நாள் எண்ண வேண்டும். எண்ணும் அறையில் மூன்று பெண்கள். தட்டின் மேல் குனிந்து, நல்ல முளையை இடுக்கியால் எடுத்து, அடிக்கோலில் வைத்து நீளம் பார்த்து, ஓரமாகப் போட்டு எண்ணுவார்கள். நாத்தனார் இருபத்தாறு வருஷமாக இதே வேலை. எண்ணி எண்ணிக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. "குனியவே கூடாது, பளு தூக்கவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அப்போ நான் என்ன, அண்ணாந்து பார்த்து எண்ணணுமா?" என்று அவரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பதிவேட்டுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். மாலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வரும் அண்ணியைப் பார்த்தால் அவளுக்கு மனசு கேட்காது. பேச்சில்தான் அண்ணி முள்ளு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டு அழுதுகொண்டிருந்தவளை, "இதுக்கெல்லாம் அழுதா நாளைக்கு அழறதுக்குக் கண்ணீர் வேணாமா?" என்று திட்டிக்கொண்டே முழுப் பக்கத்தையும் உட்கார்ந்து திருப்பி எழுதிக் கொடுத்தவள் அவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிவேடு மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தாள். பொழுது போகவில்லை. போனில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். அவள் எழுதிய முதல் புரோகிராம், வீட்டில் எந்த நாள் யார் பாத்திரம் கழுவ வேண்டும் என்று முறை போட்டுச் சொல்லும். அதில் வாரத்துக்கு ஐந்து நாள் கணவர் பெயரே வந்தது.

"இது தப்பா வந்ததா, இல்லே வேணும்னே பண்ணினதா?" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றாள் இவள், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

அவர் தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர். வீட்டுக்குக் கீழேயே கடை. மிஷின் பொய் சொல்லாது என்பது அவரும் தினம் சொல்லும் வசனம்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினார்.

இப்படி ஆரம்பித்தவள்தான், இந்த வருஷம் அண்ணியின் கழுத்துக்காகவே ஒரு புரோகிராம் எழுதினாள். தட்டுக்கு மேலே ஸ்டாண்டில் கேமரா. படம் திரையில் வரும். நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நல்ல முளை ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் இழுத்து ஒரு சிவப்புப் பெட்டி போட வேண்டும். பெட்டியின் உயரத்திலிருந்து முளையின் நீளத்தைப் புரோகிராமே கணக்கிட்டுக்கொள்ளும். எத்தனை பெட்டி நிற்கிறதோ அத்தனை முளை. குனியவும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம்.

டைரக்டர் பார்த்தார். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் டைரக்டர் என்றால் ஒரு நிபந்தனை போட வேண்டாமா?

"வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்க. எண்ணுறவங்களே உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்க எண்ணிக் காட்டணும். நீ பக்கத்துல நிக்கக் கூடாது. சரியா வந்தா இதை நாமளே வச்சுக்கலாம். வரலைன்னா எல்லாத் தட்டையும் படம் எடுத்து, எண்ணித் தர வெளிக் கம்பெனிக்கு அனுப்பிடச் சொல்லி உத்தரவு வரும். அப்புறம் எண்ணும் அறையே தேவையில்லை. மூணு பேரும் மூட்டை அறைக்குப் போகணும்."

மூட்டை அறையில் காலையிலிருந்து மாலை வரை மூட்டையைப் புரட்டுவதும் தூக்குவதும்தான் வேலை. அண்ணியின் கழுத்துக்கு அது ஒரு நாள் தாங்காது. வேலையை விட வேண்டியதுதான். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி.

திங்கட்கிழமை காலை அண்ணியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தினாள்.

"இங்க அழுத்துங்க அண்ணி. அப்படியே பிடிச்சு இழுங்க. விட்டுடுங்க. அவ்வளவுதான்."

நாத்தனார் அழுத்தினாள், இழுத்தாள். சிவப்புக் கோட்டில் பெட்டி அழகாக விரிந்தது. விரலை எடுத்தாள். பெட்டியைக் காணோம்.

"எங்கடி போச்சு?"

"திருப்பிப் போடுங்க அண்ணி."

திருப்பிப் போட்டாள். திருப்பிப் போச்சு.

"தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று பதிவேடு மவுஸை வாங்கினாள். ஒன்று போட்டாள், நின்றது. பத்துப் போட்டாள், பத்தும் நின்றன. மறுபடி அண்ணி உட்கார்ந்தாள். ஒன்றும் நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரே ஒரு பெட்டி நின்றது. அது இன்னும் மோசம். ஒன்றுமே நிற்காவிட்டால் ஒரு காரணத்தைத் தேடலாம். எப்போதாவது ஒன்று நின்றால் எதைத் தேடுவது?

"உன் கைராசி அப்படி, என் கைராசி இப்படி" என்றாள் நாத்தனார். மற்ற இரண்டு பெண்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே கதைதான். எண்ணும் அறைக்காரர்கள் கைக்கு மட்டும் பெட்டி அடங்க மாட்டேன் என்றது.

பதிவேடு மவுஸை மாற்றினாள். மவுஸுக்கு அடியில் இருந்த அட்டையை மாற்றினாள். கம்ப்யூட்டரையே தன் மேஜையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பைத்தானை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். படத்தைச் சிறிதாக்கினாள், பெரிதாக்கினாள். செவ்வாய் போய்ப் புதனும் வந்தது. ஒவ்வொரு தடவையும் தானே உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பாள், கச்சிதமாக வரும். "சரியாயிடுச்சு அண்ணி!" என்று கூப்பிடுவாள். அண்ணி வந்து உட்கார்ந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

"விடு, எனக்குக் கம்ப்யூட்டர் கொடுத்து வைக்கலை" என்றாள் நாத்தனார் புதன்கிழமை மாலை பஸ்ஸில். சண்டை போடாமல் சொன்னாள். அதுதான் பதிவேட்டுக்குத் தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற மனுஷி சரி விடு என்றால், விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்தும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் கடையில் ஒரு மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கேட்டுவிட்டு, "நீ உட்கார்ந்தா வேலை செய்யுது. அக்கா உட்கார்ந்தா செய்யலை. அவ்வளவுதானே?" என்றார்.

"ஆமா."

"எனக்கு மாசத்துக்கு நாலு கேஸ் இப்படித்தான் வரும். நூல் அறுந்துபோகுதும்பாங்க. நான் தைச்சா அறுகாது. அதனால நான் தைக்கிறதே இல்லை. அவங்களையே தைக்கச் சொல்லிட்டு ஓரமா நின்னு பார்ப்பேன். ஒருத்தங்க துணியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே தைப்பாங்க. இன்னொருத்தங்க காலை எடுக்காம அமுக்கிட்டே இருப்பாங்க. வாயால கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அப்படித்தான் தைக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாது." நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீ எத்தனை தடவை அக்கா கையிலேருந்து மவுஸைப் பிடுங்கின?" என்றார்.

பதிவேடு எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை அவ்வளவு நன்றாக இல்லை.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக, இழுக்கும்போதே பெட்டியின் அகலமும் உயரமும் திரையின் ஓரத்தில் எண்ணாகத் தெரியும்படி இரண்டு வரி சேர்த்தாள். அண்ணியை உட்கார வைத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடி, குளிருதா?"

"இல்லை அண்ணி. நீங்க எண்ணுங்க. நான் தொட மாட்டேன்."

நாத்தனார் மவுஸைப் பிடித்தாள். பிடிப்பதற்கு முன்னால், புடவைக்கு மேல் போட்டிருந்த ஆபீஸ் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள். திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. தட்டின் கீழ் வரிசை, வலது பக்கக் கடைசி முளை. அந்த முளைக்கும் கீழ் வலது மூலையில் போய் நின்றது. அங்கே அழுத்தி, மேலே இடது பக்கமாக இழுத்தாள். ஓரத்தில் எண் ஓடியது. மைனஸ் பத்து. மைனஸ் முப்பது. மைனஸ் நாற்பத்தாறு. விரலை எடுத்தாள். பெட்டி போயே போச்சு.

பதிவேடு வாயைப் பிளந்தாள். "அண்ணி, ஏன் அங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"பின்னே எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"மேல இடது மூலையிலேருந்து! எல்லாரும் அப்படித்தானே…"

"எந்த எல்லாரும்? பேனா பிடிக்கிற நீ அப்படி ஆரம்பிப்பே. இடுக்கி பிடிக்கிறவ மேலேருந்து ஆரம்பிச்சா என்ன ஆகும்? கையை நீட்டும்போது சட்டைக் கை கீழ இருக்கிற முளையையெல்லாம் தடவிட்டுப் போகும். தட்டே பாழ். அதனால கிட்ட இருக்கிற வலது மூலையை முதல்ல காலி பண்ணிக்கிட்டே மேல போகணும். இந்த ரூமுக்கு வந்த முதல் நாளே இதைத்தானே சொல்லித் தருவோம்!"

"திரையில எப்படி அண்ணி சட்டைக் கை படும்?"

"அது திரைக்குத் தெரியும். என் கைக்குத் தெரியுமா?"

பதிவேடு துள்ளிக் குதிக்காத குறை. பதினேழு வருஷமாக அவளும் இதே கட்டிடத்தில்தான் இருக்கிறாள். இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து, இவர்கள் எண்ணிச் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். கை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததில்லை. எப்போதாவது நின்ற அந்த ஒற்றைப் பெட்டிக்கும் இப்போது காரணம் புரிந்தது. தட்டின் மேல் இடது மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கிருந்து கை வலது கீழ்ப்பக்கமாக இழுக்கிறது.

புரோகிராமைத் திறந்தாள். விரலை எடுத்த இடத்திலிருந்து அழுத்திய இடத்தைக் கழித்தால் அகலம். தலைகீழாக இழுத்தால் கழித்தல் மைனஸில் போகாமல் என்ன செய்யும்? அதுகூடப் பரவாயில்லை. அதற்கடுத்த வரிதான் அசல் குற்றவாளி. மவுஸ் சும்மா பட்டுவிட்டால் பொட்டுப் பொட்டாகப் பெட்டி விழுந்துவிடக் கூடாதே என்று, அகலம் ஐந்துக்குக் குறைந்தால் அழித்துவிடும்படி எழுதியிருந்தாள். தான் எழுதியதிலேயே ரொம்ப சாமர்த்தியமான வரி என்று அவளுக்கு அதன் மேல் ஒரு பெருமை வேறு. மைனஸ் நாற்பத்தாறு ஐந்துக்குக் குறைவா இல்லையா? குறைவுதான். அழித்துவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் தன் ஞாபகத்துக்காக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு அங்க?" என்று எட்டிப் பார்த்தாள் நாத்தனார்.

பதிவேடு திரையைக் கையால் மறைத்தாள். மறைத்து என்ன பிரயோஜனம்? அண்ணி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அவள் விரலிடுக்கு வழியாகவே உரக்கப் படித்தாள்.

"கை தவறிப் பட்டது, நீக்கு."

மற்ற இரண்டு பெண்களும் தட்டை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுடுங்க அண்ணி. நான் அந்த அர்த்தத்துல…" பதிவேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இருபத்தாறு வருஷமா எண்ணுற கைக்கு நீ வச்ச பேரு கைத்தவறா! இரு, உன் மாமியார்கிட்ட மட்டும் இல்லை, நம்ம வீட்டுல இனிமே எவ கல்யாணம் நடந்தாலும் இதைச் சொல்லாம பந்தியில உட்கார மாட்டேன்!"

"சொல்லுங்க அண்ணி, தாராளமா சொல்லுங்க. இப்போதைக்கு மேலேருந்து இழுத்துப் பழகிக்கிறீங்களா? நாளைக்கு ஒரு நாள்தானே."

நாத்தனார் முயற்சி செய்தாள். மூன்று பெட்டி மேலிருந்து வந்தது. நாலாவதுக்குக் கை தானாகவே கீழ் வலது மூலைக்குப் போய்விட்டது. அவளே தன் கையைப் பார்த்து, "பார்த்தியா கழுதையை!" என்றாள். சரி, கையைத் திருத்துவதைவிடப் புரோகிராமைத் திருத்துவது சுலபம் என்று பதிவேடு முடிவு கட்டினாள். தலைகீழாக இழுத்தால் ஆரம்பத்தையும் முடிவையும் இடம் மாற்றிக்கொள் என்று இரண்டு வரி எழுதினாள். அண்ணி இழுத்தாள். பெட்டி நின்றது! அடுத்தது, நின்றது. எண்ணும் அறையே கை தட்டியது.

எதிர்க்கட்சி மட்டும் கை தட்டவில்லை.

"நாலு மூலை இருக்கே. உன் மூலை ஒண்ணு, என் மூலை ஒண்ணு. மத்த ரெண்டு?"

"அங்கேருந்து யாரு அண்ணி இழுக்கப் போறாங்க?"

"நேத்து வரைக்கும் என் மூலைலேருந்தும் யாரும் இழுக்கப் போறதில்லைன்னுதானே நீ நினைச்சே?"

பதிவேடு கீழ் இடது மூலையிலிருந்து ஒரு பெட்டி இழுத்துப் பார்த்தாள். அகலம் சரி, உயரம் மைனஸ். முளையின் நீளம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. "முளை மண்ணுக்குள்ள திரும்பிப் போகுதாக்கும்" என்றாள் நாத்தனார். பதிவேடு இரண்டு வரியையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். எங்கிருந்து இழுத்தால் என்ன, இரண்டில் சின்ன எண் எதுவோ அது இடது, பெரிய எண் எதுவோ அது வலது. மேலுக்கும் கீழுக்கும் அதே மாதிரி. கடைசியில் பார்த்தால் முன்னைவிடப் புரோகிராம் சின்னதாகத்தான் ஆகியிருந்தது. நாலு மூலையிலிருந்தும் இருபத்தைந்து இருபத்தைந்தாக நூறு பெட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்ப விட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை ஆபீஸ் அதிகாரி வந்தார். முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் சிரிக்காத ஒரு அம்மாள். பதிவேட்டை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அவள் வராந்தாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே பேசுவது கேட்கும், தொட மட்டும் முடியாது.

நாத்தனார் சட்டைக் கையை மடித்தாள். நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கீழ் வலது மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பெட்டி பெட்டியாகத் தட்டு சிவந்துகொண்டே வந்தது. பக்கத்து மேஜையில் இன்னொரு பெண், படம் பிடித்து முடிந்த அதே தட்டை இடுக்கியால் எண்ணினாள். இங்கே தொண்ணூற்றொன்று. அங்கேயும் தொண்ணூற்றொன்று. டைரக்டர் முகத்தில் பல் தெரிந்தது.

அதிகாரி அம்மாளுக்கு அது போதவில்லை. "நான் ஒண்ணு போட்டுப் பார்க்கட்டுமா?" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு இடது பக்கம் வைத்துக்கொண்டார். இடதுகைக்காரர்! வெளியே பதிவேடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அம்பு கீழ் இடது மூலைக்குப் போயிற்று. அங்கிருந்து மேலே, வலது பக்கமாக இழுத்தார். விரலை எடுத்தார்.

பெட்டி அசையாமல் நின்றது. பக்கத்தில் நீளமும் ஒழுங்காக வந்தது.

கண்ணாடி வழியாக நாத்தனார் பதிவேட்டைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். அந்தப் புருவத்துக்கு என்ன அர்த்தம் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேனே என்று அர்த்தம்.

"நல்லா இருக்கே. எந்தக் கம்பெனி செஞ்சது?" என்று கேட்டார் அதிகாரி.

"கம்பெனியாவது ஒண்ணாவது! என் தங்கச்சி எழுதினதுங்க" என்றாள் நாத்தனார்.

பதினேழு வருஷமாக அந்த ஆபீஸில் அவள் 'தம்பி சம்சாரம்'தான். யார் கேட்டாலும் அண்ணி அப்படித்தான் சொல்வாள். தங்கச்சி என்ற வார்த்தை கண்ணாடியைத் தாண்டி வந்து காதில் விழுந்ததும் பதிவேட்டுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு டைரக்டரோடு கிளம்பிப் போனார். எண்ணும் அறை எங்கேயும் போக வேண்டியதில்லை. கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் வராந்தாவுக்கு வந்தாள். அழுதுகொண்டு நிற்பவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கு ஏன்டி அழறே? உள்ள வா, வேலை இருக்கு. அந்தச் சிவப்புக் கோடு ரொம்ப மெல்லிசா இருக்கு, கண்ணு வலிக்குது. கொஞ்சம் தடிப்பா ஆக்கு" என்றாள். கதவுக்குள் பாதி போய்விட்டுத் திரும்பினாள். "நாலு வருஷம் நான் இதைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்ல?"